ஜாதியடி நாற்பது

அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். என் கணவருக்கு அந்த வீட்டைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போய்விட்டது. அவரை விட்டிருந்தால் அன்று சாயங்காலமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு குடிபோயிருப்பார். நான் கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்கிறவள். தமிழ் டீச்சர் வேறு. என்னிடம் விடைத்தாள் போனால் ஒரு புள்ளி விட்டதற்கும் அரை மார்க் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது, அரை மார்க் குறைக்காமல் கொஞ்சவா முடியும்?

அந்தப் பவிசெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு சொல்லில் கொட்டிக் கவிழ்ந்தது. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் பெண்ணிடம் பாதி சொல்லியிருக்கிறேன், எனக்குச் சாதகமான பாதி.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். இரும்புலியூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மோட்டார் போட ஒரு நேரம், நிறுத்த ஒரு நேரம், ஆணி அடிக்க அனுமதி, துணி காயப்போட அனுமதி. எட்டு வருஷம் அப்படி ஓட்டியாயிற்று. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரவர, தாம்பரத்தைச் சுற்றி முள்காடாகக் கிடந்த இடத்துக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. இப்போது விட்டால் பிறகு எப்போதும் இல்லை என்று பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு ஃபிளாட் போதும். அவருக்கு மண் வேண்டும், ஒரு முருங்கை நட வேண்டும். ரயிலில் கூடப் போகிற யாரோ சொல்லித்தான் முடிச்சூர் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

பழைய ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, சிவப்பு சிமெண்டுத் தரை, பின்னால் கிணறு, வடக்கு வேலி ஓரமாக நாலு தென்னை. வீட்டுக்காரர் ரயில்வேயில் பெட்டி ரிப்பேர் பார்க்கும் ஷெட்டில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. ஒரே மகள் கோயம்புத்தூரில். தை பிறப்பதற்குள் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட வேண்டும் என்பது அவர்கள் அவசரம்.

அவசரம் இருந்தும் அவர் அந்த வீட்டைக் கண்டவனுக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. ஃபிளாட் கட்டுகிற ஒருத்தர் மூன்று தடவை காரில் வந்து போய்விட்டாராம். வடக்குப் பக்கத்து வீடு இவருடைய தம்பியினுடையது. தம்பி வீட்டில் கிணறு இல்லை, இந்தக் கிணற்றில்தான் சேந்திக்கொள்கிறார்கள். ஃபிளாட் வந்தால் முதல் வேலையாகக் கிணற்றை மூடுவார்கள், ஏழு உயிர் தண்ணீருக்கு அலைய வேண்டும். அதனால்தான் எங்களைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"நீங்க குடும்பமா வந்து இருக்கப் போறவங்க. டீச்சர் வேற. கெணத்த மூடாம வெச்சுக்கினீங்கன்னா போதும். வேற இன்னா கேக்கப் போறேன்?" என்றார்.

அன்று எங்களுக்கு இளநீர் வெட்டினார். அந்த வயசிலும் துரட்டியைப் பிடித்து அவரே இழுத்தார், அவரே சீவினார், குழாய் போட்டு நீட்டினார். இரண்டாவது முறை போனபோதும் இளநீர். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. காபி, டீ என்று ஒப்புக்குச் செய்கிற காலத்தில் மரத்திலிருந்து பறித்துக் கொடுக்கிறார்களே, எவ்வளவு மரியாதை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கணவர் இளநீரைக் குடித்துவிட்டு, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டார். அந்த அம்மா உடனே போகவில்லை. தன் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே போனார். சொம்பு அவ்வளவு பளபளப்பாக இருந்தது. நான் எனக்கு வேண்டாம் என்றேன். உண்மையில் தாகம் இல்லை. அப்படித்தான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த இளநீர்ப் பெருமையை ஸ்டாஃப் ரூமில் கொட்டினேன். கணக்கு டீச்சருக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் அத்துப்படி. கோயில் பக்கமா, ஏரிக்கரைப் பக்கமா என்று கேட்டாள். ஏரிக்கரை என்றேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். நோட்டுத் திருத்தக் குனிந்துகொண்டாள். அந்த ஒற்றை "ஓ" எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் அது, சோறு வடிக்கும்போதும் அது. அவளிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால் நான் அப்படிப்பட்ட ஆள் என்று ஆகிவிடுமே. எட்டாம் வகுப்புக்குச் சமத்துவப் பாடம் நடத்தினால் குரல் தழுதழுக்கும் எனக்கு. நான் போய் எப்படிக் கேட்பேன்?

அந்த வாரம்தான் வீட்டுக்காரர் பத்திரத்தின் ஜெராக்ஸ் கொடுத்தனுப்பினார். கையால் எழுதிய பழைய பத்திரம். சனிக்கிழமை மத்தியானம் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது பக்கத்தில் சொத்து விவரம். கிழக்கே இன்னார், மேற்கே பொது வழி என்று நாலு எல்லையும் சொல்லி, அதற்குக் கீழே இப்படி இருந்தது: கிழமேல் ஜாதியடி நாற்பது, தென்வடல் ஜாதியடி அறுபது.

ஜாதி.

சிவப்புப் பேனா தானாக அந்தச் சொல்லைச் சுழித்தது. இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தச் சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பதம் பிரித்துப் பார்த்தேன், ஜாதி, அடி. இன்ன ஜாதிக்கு இவ்வளவு அடி என்று அந்தக் காலத்தில் பிரித்துக் கொடுத்த இடம்போல இருக்கிறது என்று நானே பொருள் கண்டுபிடித்தேன். கணக்கு டீச்சரின் "ஓ"வுக்கும் அதற்கும் பொருந்திப்போயிற்று. அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் அகராதி இருந்தது. எழுந்து எடுக்கவில்லை. தமிழ் டீச்சருக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனசு வணங்கவில்லை என்பது ஒன்று. எனக்கு அந்தப் பொருள்தான் வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. அதைக் காட்டித்தானே என்னால் கேட்க முடியும்.

என் கணவரிடம் காட்டினேன். அந்தக் காலத்துப் பாஷை, விடு என்றார். அவர் எதையும் இரண்டு வார்த்தையில் முடிப்பவர். அப்போதுதான் சொன்னேன், சர்வேயரை வைத்து அளக்காமல் வாங்கக்கூடாது என்று. பழைய வீடு, வேலி நகர்ந்திருக்கும், கல் காணாமல் போயிருக்கும், நாளைக்கு யாராவது வந்து இது என் இடம் என்றால் என்ன செய்வீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். ஒவ்வொன்றும் நியாயம். யார் கேட்டாலும் டீச்சர் விவரமானவள் என்பார்கள்.

ஆனால் என் மனசில் ஓடியது வேறு. அளக்கும்போது நாலு எல்லைக்காரர்களும் வந்து நிற்பார்கள். யார் என்ன என்று தெரிந்துவிடும். நான் நினைத்தபடியே இருந்துவிட்டால், அளவு ஓர் அடியாவது குறையாதா? பழைய இடத்தில் குறையாமலா இருக்கும்? அளவு குறைகிறது, பேங்க்கில் லோன் தர மாட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிவிட்டு வந்துவிடலாம். அவர்களுக்கும் மனசு நோகாது. இப்படி ஒரு சாக்கைத் தயார்பண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். எழுதும்போதே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

சர்வேயர் பம்மலிலிருந்து வந்தார். அரசாங்க சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, தனியாக அளந்து கொடுப்பவர். வெயிலில் கறுத்துச் சுருங்கிய ஆள், குரல் மட்டும் ஆளைவிட மூன்று மடங்கு. ஆயுசு முழுக்க ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அளவைக் கூவிக் கூவி, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசினாலும் கூவத்தான் அவருக்கு வரும். வழக்கமாகக் கூட வருகிற ஆளுக்கு அன்று காய்ச்சல். டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பது என்று கேட்டபோது, வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவர் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சர்வேயரே அசந்துபோனார். நாலு மூலையிலும் புதர் வெட்டி, மண்ணைத் தோண்டி, எல்லைக்கற்களை வெளியே தெரியவிட்டு, ஒவ்வொரு கல்லின் தலையிலும் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார். வடகிழக்கு மூலைக்கல் தம்பி வீட்டு விறகு அடுக்குக்குக் கீழே போயிருந்ததாம். அண்ணனும் தம்பியுமாக முதல் நாள் பூராவும் அந்த விறகை இடம் மாற்றியிருக்கிறார்கள். நாலு எல்லைக்காரர்களுக்கும் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, எல்லோரும் குளித்துத் தலைவாரி வந்து வேலியோரம் நின்றிருந்தார்கள். அளவு என்றால் அவர்களுக்கு ஒரு காரியம். அவரவர் கோட்டில் அவரவர் நிற்க வேண்டும், அப்போதுதான் பின்னால் பேச்சு வராது.

அளக்கத் தொடங்கினார்கள். இந்தக் கோடியிலிருந்து சர்வேயர் கூவுவார், அந்தக் கோடியிலிருந்து வீட்டுக்காரர் அதையே திருப்பிச் சொல்வார். கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் அளவு பதிவு. ரயில்வேயில் இருந்தவருக்கு அது நன்றாக வந்தது. நாற்பது என்றால் நாற்பது என்று கணீரென்று பதில் வரும். சர்வேயர் கையிலிருந்த புலப்படத்தோடு, அந்த நிலத்தின் வரைபடத்தோடு, ஒத்துப்பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். மூன்று பக்கம் முடிந்தது. மூன்றும் சரி.

அளவு குறையவில்லை. சாக்கு கைநழுவிக்கொண்டிருந்தது. வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சட்டை போட்ட மனுஷர்கள், புடவை கட்டிய மனுஷிகள், அவ்வளவுதான். எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலாவது பக்கம் அளக்கக் கிணற்றடிக்கு வந்தபோது, வீட்டுக்காரர் டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போய்விட்டார். அவர் தூரத்தில் இருக்கிறார், யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து, சிவப்பில் சுழித்த இடத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சர்வேயரிடம் கேட்டேன்.

"சார், இதுல ஜாதின்னு போட்டிருக்கே. இவங்க என்ன ஜாதின்னு எங்க போட்டிருக்கும்?"

சர்வேயர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு குரல்தானே உண்டு. அந்தக் குரலில் சொன்னார்.

"ஆளோட ஜாதி இல்லம்மா இது. அளவு. ஜாதிமல்லின்னு சொல்றோம்ல, அது மாரி. அசல் அடி. ஆளாளுக்குக் கால வெச்சு அளக்கற அடி இல்ல, சரியா பன்னெண்டு இஞ்ச். பத்திரத்துல எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. இவங்க இன்னா ஜாதின்னு இதுல எங்க கீது?"

கிணற்றுக்குள் விழுந்து எதிரொலித்ததா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா தெரியாது. வேலியோரம் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தம்பியும் தம்பி மனைவியும் கிணற்றடியிலேயே நின்றிருந்தார்கள். தம்பி மனைவி இடுப்பில் குடத்தோடு என்னையே பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். எதிர்க்கோடியில் வீட்டுக்காரர் டேப்பின் முனையைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அழுத்திக் குந்தியிருந்தார். தலை தூக்கவில்லை.

ஒன்றும் நடக்காததுபோல் சர்வேயர் கூவினார். "அறுபது."

அங்கிருந்து அதே கணீர்க் குரல். "அறுபது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை. வாய்க்குள் நாக்கு ஒரு வேண்டாத பொருளாகக் கிடந்தது. முகமெல்லாம் எரிந்தது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், அசடு வழிந்ததுதான் மிச்சம். இது வெறும் வார்த்தைச் சந்தேகம்தான், நான் தமிழ் டீச்சர் இல்லையா, சொல்லாராய்ச்சி என்று பூசி மெழுகிக்கூடப் பார்த்தேன். வேலியோரம் நின்றவர்கள் அவரவர் கல்லைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். சர்வேயர் மட்டும் ஒரு இஞ்ச்கூடக் குறையவில்லை, அப்பழுக்கில்லாத இடம், தாராளமாக வாங்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரின் மனைவி டீ போட்டு எடுத்துவந்தார். நடக்கவே சிரமப்படுகிறவர், தட்டில் ஏழெட்டு எவர்சில்வர் டம்ளர்கள். சர்வேயருக்குக் கொடுத்தார். எல்லைக்காரர்களுக்குக் கொடுத்தார். என் கணவர் கையை நீட்டி அவராகவே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். எனக்கு நேராக வந்தபோது தட்டு விலகிப் போயிற்று. அதே நேரம் பின்னால் தேங்காய் சீவுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எனக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளிலிருந்து அந்த இளநீர் எதற்கு என்று. தம் வீட்டுப் பாத்திரம் படாமல், தம் வீட்டு அடுப்பு படாமல், இயற்கை மூடி வைத்த ஒன்றை எனக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எதைக் குடிப்பேன், எதைக் குடிக்கமாட்டேன் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர்கள் அளந்துவிட்டார்கள். அதைத்தான் மரியாதை என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

"எனக்கும் டீ குடுங்களேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். அதில் ஒரு டம்ளர் மீதி இருந்தது. "டீ ஆறிப்போச்சு டீச்சர்" என்றார். கோபமே இல்லை. "எளநீ குடிங்க. உங்களுக்கு அதான் புடிக்கும்."

குடித்தேன். நல்ல இனிப்பு.

கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்தார். எப்போதும் வருவார். அன்று வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். என் கணவர் அவரை முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சர்வேயரை நான் வாய்க்கு வாய் சார் என்றேன். இவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது அந்தக் கேட்டருகே நிற்கும்போதுதான் தெரிந்தது. இல்லைங்க, ஆமாங்க என்று ஒப்பேற்றியிருக்கிறேன்.

அவர் என் கணவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"நாங்க இன்னா ஆளுங்கன்னு தெரியணும்னா என்னையே கேட்டிருக்கலாம் டீச்சர். நா ஒண்ணும் மறைக்கிறவன் இல்ல." அப்புறம் அதையும் அவரே சொன்னார். அதை இங்கே எழுதினால் நான் மறுபடியும் கேட்டதாக ஆகும். "வாங்கறதுன்னா வாங்குங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க, நா இன்னொருத்தரப் பாத்துக்கறேன். அளவு கொறையுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

கைப்பைக்குள் நான் வைத்திருந்த சாக்கை அவர் வெளியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவேளை எனக்கு முன்னால் வந்தவர்களும் அளந்துவிட்டு, அளவு குறைகிறது என்று போயிருக்கலாம். அதனால்தான் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினாரோ என்னவோ. அந்த நினைப்பு வரும்போது இன்னும் கூனிக்குறுகிப் போகிறேன்.

பஸ்ஸில் வந்து இரும்புலியூரில் இறங்கி எங்கள் தெருமுனை வந்ததும் என் கணவர் சொன்னார், "உனக்குத் தமிழ் தெரியாதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." எப்போதும் கேலியாகப் பேசுகிற மனுஷன், அன்று கேலி இல்லை. தெருமுனைப் பலகையைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குப் பெயரில் காலனி உண்டு. கவரில் முகவரி எழுதும்போது அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் பெருமையாக எழுதுவேன். அதே சொல்லை அந்த ஊர் ஏரிக்கரையைப் பற்றி யாராவது சொன்னால் மட்டும் எனக்குக் காது விடைக்கும்.

வீட்டை வாங்கினோம். நான் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். நாலாவது நாள் அவர், நான் வாங்கப்போகிறேன், வருவதும் வராததும் உன் இஷ்டம் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. அவ்வளவுதான் என் சம்மதம்.

அந்தப் பெரியவரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காரில் வருகிறவர் அந்த வாரமும் வந்தாராம். எங்களுக்கே கொடுத்தார். தம்பி வீட்டுத் தண்ணீருக்காகக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். என்னைவிடக் கிணறு அவருக்குப் பெரிது.

பதிவு அலுவலகத்தில் எங்கள் பத்திரத்தை எழுதுகிறவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். கிழமேல் ஜாதியடி நாற்பது என்று வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே அந்த அம்மா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் அவருக்கு ஆஸ்பத்திரி முறை. எல்லாம் முடிந்து படியிறங்கும்போது நான் பெரியவர் பக்கத்தில் போய், "அண்ணா, என்ன மன்னிச்சுடுங்க" என்றேன். அண்ணா என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசியாகவும் ஆகிவிட்டது.

அவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்து என் கையில் வைத்தார். "கெணத்த மூடாதீங்க டீச்சர்" என்றார்.

மூடவில்லை. அதை ஒரு நல்ல காரியமாகச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை, சொன்ன வாக்கு அது. தம்பி வீட்டார் இன்றும் எங்கள் கிணற்றில்தான் சேந்துகிறார்கள். பெரியவரும் அந்த அம்மாவும் கோயம்புத்தூரிலேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி மனைவியும் நானும் நன்றாகவே பழகுகிறோம். என் பெண்ணின் பிரசவத்துக்கு அவர்தான் ஆஸ்பத்திரியில் ராத்தங்கினார். என் வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுவார். எங்கள் வீட்டுக் குழந்தைகளெல்லாம் அவர் அடுப்படியில்தான் வளர்ந்தன. என் கணவருக்கு அந்த வீட்டு டீ இல்லாவிட்டால் பொழுது விடியாது.

நான் போனால் மட்டும் இளநீர்.

எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், தண்ணீர் கொடுங்கள் போதும், டீ கொடுங்கள் என்று. தம்பி மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், பிறகு அரிவாளை எடுப்பார். வேலியோரத் தென்னைகள் வடக்கே சாய்ந்து வளர்ந்ததில் பாதிக் காய் அவர்கள் பக்கம்தான் விழுகிறது. போன மாதம் அவருடைய பேத்திக்குப் பூப்புனித நீராட்டு. வந்தவர்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பந்தியைவிட்டு வெளியே போய், சீவிய இளநீரோடு ஓடிவந்தார். நாற்பது ஐம்பது பேர் பார்க்க என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் குத்தலே இல்லை. என்னைக் கவனிக்கிறோம் என்கிற சந்தோஷம்தான் இருந்தது.

"தைரியமா குடிங்க டீச்சர்" என்றார். "உங்க மரத்துதுதான்."